கோயமுத்தூர் அவுட்டர்ல ஹை கிளாஸ் ஆர்கானிக் கடை போட்டா ஓடுமா? எல்லாரும் கேக்கற கேள்விங்களும் நம்ம பதிலும்

ஆர்கானிக் கடை போடலாம்னு இருக்கோம், நீங்க என்ன சொல்றீங்கனு போன் பண்ணியும் நேர்ல வந்தும் கேட்டுட்டே இருக்காங்க. நமக்கு அன்னூர் பக்கம் தோட்டம், கோயமுத்தூர்ல நாலஞ்சு கடைக்கு காயும் வாழைத்தாரும் போட்டுட்டு இருக்கறோம், அதனால கடையோட முன்பக்கத்த விட பின்பக்கம் நமக்கு எச்சா தெரியும். ஆளாளுக்கு தனித்தனியா சொல்றதுக்கு ஒட்டுக்கா எழுதி வெச்சிர்றேன்.

நேரா சொல்லுங்க, ஓடுமா ஓடாதா?

ஓடும்ங்க. ஆனா கேக்கறவங்கள்ல பாதிப்பேர் மனசுல ஒரு கடை இருக்குது பாருங்க, கண்ணாடிக் கதவு, ஏசி, மர ஷெல்ப், மஞ்ச லைட்டு, பச்சை ஏப்ரன் போட்ட பசங்க, மூங்கில் கூடைல கேரட்டு, அந்தக் கடை அப்படியே வந்தா கஷ்டம். பெங்களூரு இந்திராநகர்ல ஓடறது காளப்பட்டில ஓடணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. காரணம் காசு இல்லைங்கறது கெடையாது, காசு நம்ம ஊர்ல தாராளமா இருக்குது. காரணம் வேற, அடுத்த கேள்வில சொல்றேன்.

நமக்கு போட்டி யாரு? சூப்பர் மார்க்கெட்டா, பழமுதிர் கடையா?

ரெண்டும் இல்லீங்க, உங்க கஸ்டமரோட மாமனார் தோட்டம்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். கொங்கு நாட்டுல வசதியான குடும்பம்னு எடுத்துக்கிட்டா பத்துக்கு ஆறேழு ஊட்டுக்கு ஊர்ல ஏதோ ஒரு காடு தோட்டம் இருக்கும், இல்லீனா அண்ணன் தம்பிக்கு, பங்காளிக்கு, சம்பந்தி ஊட்டுக்கு இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு இருந்தா தேங்காய் வாங்கற வேலையே இல்ல. காங்கயம் வெள்ளகோயில் பக்கம் ஒறம்பரை இருந்தா கொப்பரைய செக்குல குடுத்து ஆட்டி கேன்ல எண்ணெய் வந்துரும். ஈரோட்டுப் பக்கம்னா வெரலி மஞ்சள், அதுவும் 2019ல புவிசார் குறியீடு வாங்கின மஞ்சள், மாமியார் அவங்க கையால காயவெச்சு மில்லுல அரைச்சு டப்பால போட்டு குடுத்து உட்ருவாங்க. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, சித்தோட்டு வெல்லம், ஊட்டுக் கோழி முட்டை, கொள்ளு, தட்டப்பயறு, அவரை, முருங்கை, எலுமிச்சங்காய், இதெல்லாம் கார் டிக்கில வர்ற பண்டம்.

பொங்கலுக்கோ மாரியாத்தா நோம்பிக்கோ ஊருக்குப் போனாங்கனா வர்றப்ப டிக்கி மூட முடியாது. அதுக்கு அடுத்த வாரம் எந்தக் கடைக்காரங்களக் கேட்டாலும் சேல்ஸ் படுத்திருச்சுனு சொல்லுவாங்க, காரணம் இதுதான்.

அப்ப இந்தக் குடும்பம் உங்க கடைக்கு ஏன் வரணும்? லிட்டர் இவ்வளவுனு லேபிள் ஒட்டின மரச்செக்கு எண்ணெயக் காட்டினா, "இது எங்க ஊட்லயே ஆட்டறோம்ங்க"னு சொல்லிட்டு ஒரு பாக்கெட் பிரவுன் பிரெட்ட எடுத்துட்டு போயிருவாங்க. அந்த பிரெட்டுதான் உங்களுக்கு பாடம், தோட்டம் தர்றத விக்காதீங்க, தோட்டம் தர முடியாதத வில்லுங்க. நான் சொல்ல வர்றது முச்சூடும் இவ்வளவுதான், கீழ வர்ற பதில் எல்லாம் இதுல இருந்து வர்ற கணக்குதான்.

அப்ப தோட்டம் இல்லாதவங்க யாரு?

நல்ல கேள்வி. மூணு கூட்டம் இருக்குது.

ஒண்ணு, சரவணம்பட்டி கீரணத்தம் பக்கம் ஐடி வேலைக்கு வந்தவங்க, கேரளாக்காரங்க, ஆந்திராக்காரங்க, மெட்ராஸ்ல இருந்து வந்தவங்க, வடக்கத்திக்காரங்க. இவங்களுக்கு இங்க ஊரும் இல்ல ஒறம்பரையும் இல்ல, எல்லாமே கடைலதான். ரெண்டு, வெளியூர்ல வேலை பாத்து ரிட்டயர் ஆகி வடவள்ளி, கோவைப்புதூர் பக்கம் செட்டில் ஆனவங்க. பென்ஷன் இருக்குது, நேரம் இருக்குது, சுகர் பிரஷர்னு டாக்டர் சொன்ன பயமும் இருக்குது, இவங்க லேபிள முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் படிச்சுட்டுத்தான் வாங்குவாங்க.

மூணாவது கூட்டத்த யாரும் யோசிக்கறதில்ல. தோட்டத்த வித்தவங்க. காளப்பட்டி, விளாங்குறிச்சி, குரும்பபாளையம்னு போய்ப் பாருங்க, இருவது வருசம் முன்னாடி சோளமும் பருத்தியும் போட்ட காடு இன்னைக்கு கேட்டட் கம்யூனிட்டி. அந்தக் காட்டுக்காரர் அதே எடத்துல ஓரமா ஊடு கட்டி இருக்கறார், பேங்க்ல பணம் இருக்குது, வெளைய வெக்க மண்ணு இல்ல, ஆனா நாக்கு மட்டும் பழைய நாக்கு. அவருக்கு நல்ல தக்காளி எதுனு தெரியும், கத்தரிக்காயக் கையில எடுத்துப் பாத்தே சொல்லிருவார். இவரை நீங்க ஏமாத்த முடியாது, ஆனா ஒருக்கா மனசு ஒப்புச்சுனா கடைசி வரைக்கும் வருவார், பத்துப் பேரக் கூட்டிட்டு வருவார்.

அப்ப எந்த ஏரியா நல்லது?

ஏரியா பேர வெச்சு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு கிலோமீட்டர் சுத்தளவுல மேல சொன்ன மூணு கூட்டத்துல எத்தன குடும்பம் இருக்குதுனு எண்ணுங்க, அவ்வளவுதான். வடவள்ளில யுனிவர்சிட்டி ஆளுங்க, ரிட்டயர் ஆனவங்க எச்சா, ஆனா உழவர் சந்தையும் அங்கயே இருக்குது. சரவணம்பட்டில சின்ன வயசு ஆளுங்க, செலவு பண்ணுவாங்க, ஆனா ரெண்டு வருசத்துல வேலை மாறி பெங்களூரு போயிருவாங்க, வாடகையும் ஜாஸ்தி. சூலூர், துடியலூர்ல உள்ளூர்க் குடும்பங்க எச்சா, அதாவது தோட்டம் இருக்கறவங்க எச்சா, அங்க காய்கறிய நம்பி கடை போட்டா திணறல்தான்.

அவினாசி ரோட்டுல 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபர்ல தொறந்ததுக்கு அப்பறம் உப்பிலிபாளையத்துல ஏறினா கோல்டுவின்ஸ்ல எறங்கறாங்க. நடுவுல இருக்கற கடைய மேல போறவங்க கண்ணு பாக்காது. ரோட்டு மேல கடை இருந்தா விசிபிலிட்டினு புரோக்கர் சொல்லுவார், இத மனசுல வெச்சுக்கிட்டு கேளுங்க. என்னைக் கேட்டா மெயின் ரோட்ட விட உள்ள, ஸ்கூல் வேன் திரும்பற ரோட்டுல, கார் நிறுத்த எடம் இருக்கற பில்டிங் நல்லது. பொழுதோட நடக்கப் போறவங்க கண்ணுல படற கடையா இருக்கணும்.

கணக்கு சொல்லுங்க, மாசம் எவ்வளவு விக்கணும்?

ஒரு உதாரணத்துக்கு போடறேன், உங்க ஊர் வாடகைக்கு தகுந்த மாதிரி மாத்திக்கோங்க. வாடகை 60,000. நாலு பேருக்கு சம்பளம் ஆளுக்கு 15,000னு 60,000. ஏசியும் கூலரும் ஓடற கடைக்கு கரண்ட் 25,000. பேக்கிங், டெம்போ, போன், இதர 15,000. மொத்தம் 1,60,000. வீணாப் போறது கழிச்சு கையில நிக்கற மார்ஜின் 20 சதவீதம்னு வெச்சா மாசம் 8 லட்சம் வித்தாத்தான் கை நட்டம் இல்லாம நிக்கும், உங்க சம்பளம் இன்னும் வரல. 8 லட்சம்னா ஒரு நாளைக்கு சுமார் 27,000. பில்லு ஒண்ணுக்கு 600னா தெனமும் 45 பில்லு போடணும், ஆடி மாசமும் போடணும், மழை பேஞ்சாலும் போடணும்.

இத இன்னொரு மாதிரி பாருங்க. ஒரு குடும்பம் மாசம் நாலு தடவை வந்தா, 335 குடும்பம் தவறாம வரணும். திறப்பு விழாவுக்கு வந்து சுண்டல் சாப்ட்டுட்டுப் போற 335 இல்ல, மாசா மாசம் வர்ற 335. கடை போடறதுக்கு முன்னாடி அந்த 335ல ஒரு ஐம்பது பேர் ஊட்டு வாசலுக்காவது போய் பேசிட்டு வாங்கனு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், பண்றவங்க கொறச்சல். இன்டீரியர் டிசைனரத்தான் மொதல்ல பாக்கறாங்க.

காய்கறி வெக்கலாமா, இல்ல மளிகை மட்டும் போதுமா?

காய் இல்லாத கடைக்கு வாரம் ஒருக்கா வர மாட்டாங்க, மாசம் ஒருக்காத்தான் வருவாங்க. காய் வெச்சா ஆள் வருவாங்க, ஆனா காசு காய்லதான் கரையும். இதுதான் இந்தத் தொழில்ல பெரிய தலவலி, கொஞ்சம் பொறுமையா படிங்க.

நூறு கிலோ காய் சராசரி கிலோ 40னு 4,000க்கு எடுக்கறீங்க, 60க்கு விக்கறீங்க. எல்லாம் வித்தா 6,000, லாபம் 2,000, பேப்பர்ல அருமையா இருக்குது. 10 கிலோ வாடிப் போச்சுனா 5,400, லாபம் 1,400. 25 கிலோ போச்சுனா 4,500, லாபம் 500தான். ஒரு நாள் வாடகையே மேல சொன்ன கணக்குல 2,000. கால்வாசி போகுமானு கேக்காதீங்க, கீரை, புதினா, கொத்தமல்லி, பீன்ஸ், தக்காளி எல்லாம் சித்திரை வெயில்ல சாயங்காலத்துக்குள்ள தலையத் தொங்கப் போட்ரும். அதுவும் ஆர்கானிக் காய் ஒரே சைஸ்ல வராது, புழு ஓட்டை இருக்கும், ஓட்டை இருந்தா மருந்து அடிக்கலைனு அர்த்தம்னு வாயால சொல்லுவாங்க, கையால ஓட்டை இல்லாததப் பொறுக்குவாங்க. பொறுக்கிப் போட்ட மிச்சம் உங்க தலைல.

நான் பாத்த வரைக்கும் தாக்குப் பிடிக்கற கடைங்க ரெண்டு வேலை செய்யறாங்க. காய தெனமும் வெக்கறதில்ல, வாரத்துல ரெண்டு நாள் காய் நாள்னு வெச்சு, முன்கூட்டியே வாட்ஸப்ல ஆர்டர் வாங்கி, அதுக்கு தகுந்த மாதிரி தோட்டத்துல பறிக்கச் சொல்றாங்க. நாங்களும் அப்படித்தான் ராத்திரி லிஸ்ட் வந்தா விடியக்காலம் பறிச்சு அனுப்பறோம், பறிச்சதுல எச்சா மிச்சம் ஆகறதில்ல. ரெண்டாவது, கடைலயே சின்னதா ஒரு அடுப்பு. மிச்சக் காய் சூப்பா, கம்மங்கூழோட தொட்டுக்க வறுவலா, சந்தகைக்கு குருமாவா மாறிரும். கூழும் சந்தகையும் கெடைக்கற கடைக்கு பொழுதோட கூட்டம் தானா வரும், காயோட வீணும் கொறையும். கடைக்குள்ள சமைக்கறதுனா அதுக்கும் சேத்து உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ்ல போடணும், மறந்துராதீங்க.

பக்கத்துலயே உழவர் சந்தை இருக்குது. அதுக்கு எதிர்ல விலை எப்படி நிக்கும்?

நிக்காது. 1999ல கலைஞர் ஆட்சில ஆரம்பிச்ச திட்டம், விவசாயி கடை வாடகை தர வேண்டாம், தராசும் அங்கயே குடுக்கறாங்க, விலைய மொத்த மார்க்கெட்டுக்கு கொஞ்சம் மேல சில்லறைக்கு கீழனு போர்டுல எழுதி வெச்சிர்றாங்க. ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, சுந்தராபுரம்னு எல்லாப் பக்கமும் இருக்குது. விலைல மோதாதீங்க. ஆனா உழவர் சந்தை காலைல நேரத்துலயே ஓஞ்சுரும், ஆபீஸ் போறவங்க எந்திரிக்கறதுக்குள்ள நல்ல காய் போயிரும். உங்க நேரம் சாயங்காலம் அஞ்சுல இருந்து ஒம்போது. அதுவும் போக, அங்க வர்றது எல்லாம் மருந்தில்லாததுனு யாரும் சொல்லல, விவசாயி நேரா விக்கறார்ங்கறதுதான் அங்க உத்தரவாதம்.

ஆர்கானிக்னு போர்டு வெச்சா போதுமா? சர்டிபிகேட் எதாச்சும் வேணுமா?

போர்டு மட்டும் வெச்சு ஓட்டின காலம் போச்சுங்க. 2017ல மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இயற்கை உணவுக்குனு தனி விதி போட்டுச்சு. ஆர்கானிக்னு பேர் போட்டு பாக்கெட்ல விக்கறதுக்கு என்பிஓபி சான்று இருக்கணும், இல்லீனா பிஜிஎஸ் சான்று இருக்கணும், ஜைவிக் பாரத்ங்கற ஆர்கானிக் முத்திரையும் அதுல வரும்.

என்பிஓபிங்கறது மூணாவது ஆள் வந்து தோட்டத்தப் பாத்து குடுக்கற சான்று, ஏற்றுமதிக்கும் இதுதான். வருசப் பயிர்னா ரெண்டு வருசம், தென்னை மாதிரி பல வருசப் பயிர்னா மூணு வருசம் மாற்றுக் காலம்னு காத்திருக்கணும். பிஜிஎஸ்ங்கறது பக்கத்துப் பக்கத்து விவசாயிங்க கொறஞ்சது அஞ்சு பேர் குழுவா சேந்து ஒருத்தர் காட்ட இன்னொருத்தர் பாத்து சான்று குடுக்கறது, செலவு கம்மி. சின்ன விவசாயி, வருச வியாபாரம் 12 லட்சத்துக்குள்ள, நேரா சாப்பிடறவங்களுக்கே விக்கறார்னா சான்றுல இருந்து விலக்கு உண்டு, ஆனா ஜைவிக் பாரத் முத்திரை போடக் கூடாது. இத நெறைய கடைக்காரங்க தப்பா புரிஞ்சுக்கறாங்க. விலக்கு விவசாயி நேரா விக்கறதுக்கு, நீங்க அவர்கிட்ட வாங்கி உங்க பேர்ல பேக் பண்ணி விக்கறதுக்கு இல்ல.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு வசதி, தமிழ்நாட்டோட உயிர்மச் சான்றளிப்புத் துறை தலைமை ஆபீஸே கோயமுத்தூர் தடாகம் ரோட்டுலதான் இருக்குது, நேர்லயே போய் கேட்டுக்கலாம். வேளாண் பல்கலைக்கழகத்துல பூச்சிமருந்து எச்சம் பாக்கற லேபும் இருக்குது. அப்பப்ப ஒரு சாம்பிள் குடுத்து ரிசல்ட்ட கல்லா பக்கத்துல ஒட்டி வெய்ங்க, மூங்கில் கூடைக்கு செலவு பண்றத விட இதுக்கு பண்றது மேல்.

ஆனா ஒண்ணு. சர்டிபிகேட் வடக்கத்திக்காரருக்கும் ரிட்டயர் ஆன ஐயாவுக்கும் போதும். உள்ளூர் அம்மணி கேக்கற கேள்வி வேற, "இது யார் தோட்டத்துதுங்க?" அந்தக் கேள்விக்கு ஊர் பேர், ஆள் பேர் சொல்லத் தெரியாத பையன கல்லால உக்கார வெச்சீங்கனா எந்த முத்திரையும் வேலைக்காகாது. "தாளவாடில இன்னார் தோட்டம், போன வாரம் மழை, அதனாலதான் முட்டைக்கோஸ் சின்னதா இருக்குது"னு சொல்ற பையன் வேணும். கூடவே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கஸ்டமர்கள வேன்ல தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. நம்மாழ்வார் ஐயா 2013ல போற வரைக்கும் ஊர் ஊரா நடந்து சொன்னதக் கேட்டு இயற்கை விவசாயத்துக்கு மாறினவங்க நம்ம பக்கம் நெறைய பேர் இருக்காங்க, வாங்கனு சொன்னா மோர் குடுத்து காட்டச் சுத்திக் காட்டுவாங்க, காசு கேக்க மாட்டாங்க.

ஜிஎஸ்டி எப்படி?

காய், பழம், மூட்டைல இருந்து அள்ளி நிறுத்துக் குடுக்கற அரிசி பருப்புக்கு கெடையாது. அதே அரிசிய 25 கிலோவுக்கு உள்ள பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினா 5 சதவீதம், 2022 ஜூலை 18ல இருந்து. நெய்க்கு 12 இருந்தது 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 ஆயிருச்சு. அதனால சில கடைங்க டப்பாவக் கொண்டு வாங்க, அள்ளிக்கோங்கனு லூஸ்ல விக்கறாங்க, பாக்கறதுக்கும் பழைய மளிகைக் கடை மாதிரி நல்லாத்தான் இருக்குது, வண்டு வெக்காம பாத்துக்கணும். மத்தத ஆடிட்டர்கிட்ட கேளுங்க.

என்ன பண்டம் நல்லாப் போகும்?

தோட்டம் தர முடியாததுனு சொன்னேன்ல. நீலகிரில வெளையற பிராக்கோலி, லெட்யூஸ், சுக்கினி, ஸ்ட்ராபெரி. தாண்டிக்குடிப் பக்கத்து அவகாடோ. காளான். டெல்டால இருந்து கருப்பு கவுனி, மாப்பிள்ளை சம்பா, தூயமல்லி, இது நம்ம காட்டுல வெளையாது. கோத்தகிரில கீஸ்டோன் பவுண்டேஷன் மாதிரி பழங்குடி மக்களோட வேலை செய்யறவங்க வழியா வர்ற காட்டுத் தேன், தேன்ல கலப்படம்னு எல்லாரும் பயந்து கெடக்கறாங்க, நல்ல தேனுக்கு விலை பேச மாட்டாங்க.

அப்பறம் வேலைய மிச்சம் பண்ற பண்டம். ராகி எல்லார் ஊட்லயும் இருக்கும், மொளகட்டி காயவெச்சு அரைச்ச ராகி மாவு இருக்காது. கொழந்தை பொறந்த ஊட்டுக்கு சத்துமாவு, சுகர் இருக்கறவங்களுக்கு கல்லு நீக்கி சுத்தம் பண்ணின சாமை, தினை, வரகு, அப்படியே இட்லிக்கு ஆட்டின மாவு. 2023ம் வருசத்த ஐநா சபை சிறுதானிய வருசமாக் கொண்டாடினப்ப எல்லாக் கடைலயும் சிறுதானிய பாக்கெட்ட அடுக்கினாங்க, முக்கால்வாசி தூசி புடிச்சது, காரணம் எப்படி சமைக்கறதுனு யாரும் சொல்லித் தரல. நம்ம அமுச்சிங்க கம்பஞ்சோறு ஆக்கினாங்க, மருமகளுக்கு மைக்ரோவேவ்தான் தெரியும், நடுவுல ஒரு தலைமுறை விட்டுப் போச்சு. சமைச்சுக் காட்டற கடைல அதே பாக்கெட் போகுது.

போகாதது? மஞ்சத்தூள், தேங்காய் எண்ணெய், நாட்டுச்சர்க்கரை, உள்ளூர்க்காரங்கள நம்பி எச்சா எடுக்காதீங்க. ஐடி ஏரியால மட்டும் வெய்ங்க, அங்க இதே மூணும்தான் நல்லா ஓடும். குயினோவா, சியா சீட் கொஞ்சமா வெய்ங்க.

விலை எவ்வளவு எச்சா வெக்கலாம்?

சாதாரணக் காய விட ஒன்றரை மடங்கு வரைக்கும் மொணகிட்டே வாங்குவாங்க. ரெண்டு மடங்கு தாண்டினா காட்சிப் பொருள்தான். இது நம்ம அனுபவம், சட்டம் இல்ல.

ஆனா விலைய தெனமும் மாத்தாதீங்க. 2023 ஜூலைல தக்காளி கிலோ நூறத் தாண்டினப்ப, நெலையான விலை பேசி வெச்சிருந்த ஆர்கானிக் தக்காளியும் சாதாரணத் தக்காளியும் பக்கத்துல பக்கத்துல வந்துருச்சு. அப்ப முதல்தடவையா ஆர்கானிக் கடைக்குள்ள கால் வெச்சவங்க நெறைய பேர், அதுல கொஞ்சப் பேர் அப்பறமும் நின்னுட்டாங்க. விவசாயிகிட்ட வருசம் முச்சூடும் ஒரே விலைனு பேசிக்கோங்க, எங்களுக்கும் அதுதான் நிம்மதி. மார்க்கெட்ல பத்து ரூவாய்க்கு எறங்கறப்ப எங்கள விட்டுட்டு எம்ஜிஆர் மொத்தக் காய் மார்க்கெட்டுக்கு ஓடற கடைக்காரருக்கு, நூறு ரூவாய் ஆகறப்ப நாங்களும் சரக்கு அனுப்ப மாட்டோம், இதுல கோவிச்சுக்க ஒண்ணும் இல்ல.

வெளில பெரிய கம்பெனிங்க எல்லாம் இதுல ஜெயிச்சிருக்காங்களே?

ஜெயிச்சதையும் பாருங்க, திணறினதையும் பாருங்க. அமெரிக்கால ஹோல் புட்ஸ் 1980ல டெக்சாஸ் ஆஸ்டின்ல ஒரு கடையா ஆரம்பிச்சது, அங்க புறநகர் முழுக்க கார் வெச்சிருக்கற, தோட்டம் இல்லாத, நல்ல சம்பளக்காரங்க. ஆனா ஆர்கானிக் எல்லா சூப்பர் மார்க்கெட்லயும் வந்ததுக்கப்பறம் அவங்களுக்கும் நெருக்கடி, 2017ல அமேசான் 1,370 கோடி டாலருக்கு வாங்கிச்சு, வாங்கினதும் முதல் வேலையா விலையக் கொறச்சாங்க. இங்க கோத்ரெஜ் குழுமம் 2005ல இருந்து நடத்தின நேச்சர்ஸ் பாஸ்கெட், மும்பை, புனே, பெங்களூருனு பணக்கார ஏரியாலயே கடை, கடைசில 2019ல சுமார் 300 கோடிக்கு ஸ்பென்சர்ஸ் கைக்குப் போச்சு. அவ்வளவு பெரிய கைக்கே அது லேசா இருக்கல. அதே சமயம் ஐதராபாத்ல ஆரம்பிச்ச 24 மந்த்ரா, கடைய விட பிராண்டையும் விவசாயிகளையும் புடிச்சு வளந்தது, 2025ல ஐடிசி 472.5 கோடி வரைக்கும் தர்றதா ஒப்பந்தம் போட்டுச்சு. எங்க காசு நின்னுச்சுனு இந்த ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துக்கோங்க.

பத்து நிமிஷத்துல கொண்டு வர்ற ஆப்ல ஆர்கானிக்கும் வந்துருச்சே?

பாக்கெட் ஐட்டத்துல அவங்களோட மல்லுக்கட்டாதீங்க, அவங்ககிட்ட கெடைக்கற அதே பிராண்ட நீங்களும் அடுக்கினா தோத்தீங்க. யார் தோட்டத்துதுனு ஆப் சொல்லாது. கூழும் ஊத்தாது.

ஏசி வேணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க.

கீரைக்கு கூலர் வேணும். ஆளுக்கு பேன் போதும். கோயமுத்தூர் சாயங்காலக் காத்துக்கு கதவத் தொறந்து வெச்ச கடைதான் உள்ள வரச் சொல்லும், கண்ணாடிக் கதவு சாத்தி இருந்தா "உள்ள எல்லாம் வெல எச்சா இருக்கும்"னு வாசல்லயே திரும்பறவங்கள நானே பாத்திருக்கேன். மிச்சமாகற கரண்ட் காச லேப் டெஸ்டுக்குப் போடுங்க.

மாமனார் முதல் போடறேன்கறார், வாங்கலாமா?

பணமா வேண்டாம்ங்க, சரக்கா வாங்குங்க. அவர் தோப்பு எளநீ, அவர் சொந்தத்துல யார் யார் மருந்தடிக்காம வெள்ளாமை பண்றாங்கங்கற லிஸ்ட், இது பணத்த விட பெருசு.

எவ்வளவு நாள் தாங்கிப் பாக்கலாம்? எப்ப கடைய மூடலாம்?

ஒரு வருசம் முழுசா பாக்கணும், ஆடியும் மார்கழியும் மே மாச லீவும் எல்லாம் ஒரு சுத்து வரணும். அதுவரைக்கும் வாடகையும் சம்பளமும் தர்ற அளவுக்கு தனியா காசு எடுத்து வெச்சுட்டு எறங்குங்க, கடன் வாங்கி எறங்காதீங்க. தெனசரி சேல்ஸ மட்டும் பாக்காம, திரும்பத் திரும்ப வர்ற குடும்பம் எத்தனைனு போன் நம்பர் வெச்சு எண்ணிட்டே வாங்க. அந்த எண்ணிக்கை மாசா மாசம் ஏறுச்சுனா நட்டத்துலயும் நில்லுங்க. சேல்ஸ் ஏறி, அது முழுக்க ஆபர் போட்டு வர்ற புது ஆளுங்களாவே இருந்தாங்கனா ஆறாவது மாசமே ஷட்டர எறக்கறது நல்லது, கூலருக்கு அப்பத்தான் நல்ல விலை கெடைக்கும்.

பை என்ன குடுக்கறது?

2019 ஜனவரில இருந்து ஒருதடவை தூக்கிப் போடற பிளாஸ்டிக் தமிழ்நாட்டுல தடை, அது எல்லாருக்கும் தெரியும். மஞ்சப்பை குடுங்க. கடை பேர சின்னதாவும், அந்த மாசம் காய் அனுப்பற ஊருங்க பேர பெருசாவும் பிரிண்ட் பண்ணுங்க. திருப்பூர்ல மொத்தமா தெச்சா விலை கட்டுப்படி ஆகும்.